வலியே தெரியாத கால்

அந்த மயக்க மருத்துவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் ‘பம்ப் டாக்டர்’. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முழங்கால் மூட்டு மாற்றியவர்களின் தொடை நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய குழாயைச் சொருகி, மரத்துப்போகும் மருந்தைச் சிறு பம்ப் வழியாக இடைவிடாமல் ஓடவிடுவது அவர் கொள்கை. வலி கிட்டேயே வராது. கால் நிற்காது என்பதுதான் சின்னச் சிக்கல். அதற்கும் பதில் வைத்திருந்தார்: நோயாளிக்கு மனத்திடம் போதாது!

அவர் மனைவியின் தம்பியும் அதே பிரிவில் மயக்க மருத்துவர்தான். அவனுக்கு இது பொறுக்கவில்லை. “மாமா, விட்டுவிட்டுக் கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்துப் பாருங்களேன். வலியும் அடங்கும், தொடையில தெம்பும் இருக்கும்.”

“நீ படிச்சுக் கிழிச்சது போதும் மச்சான்!” என்று இவர் எகிறுவார். வீட்டில் சாப்பாட்டு வேளையிலும் இதே சண்டைதான்; மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

கடைசியில் இவர் முழங்காலே தேய்ந்தது. தன் முறைப்படிதான் மருந்து ஓடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நிற்க அந்த ஒன்றுதானே இருந்தது. அடுத்த கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். அவருக்கும் அன்றுதான் அறுவை, அதே பம்ப்.

மறுநாள் டிரைவர் கட்டிலைவிட்டு அசையவில்லை. “சார், இது என் காலான்னே தெரியல. விழுந்து புது மூட்டு போச்சுன்னா நான் எப்படி வண்டி ஓட்டுறது?”

“வலி இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன பயம்? நான் நடக்கிறேன், பின்னாலேயே வாங்க.”

தாங்க வந்த மச்சினனின் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். பெரிய டாக்டரே சொல்கிறாரே என்று டிரைவரும், பாவம், காலைக் கீழே இறக்கினார்.

டாக்டர் வைத்தது ஒரே எட்டு. முழங்கால் ஈரத்துணி மாதிரி மடிந்தது. மச்சினன் பாய்ந்து அள்ளித் தரையில் உட்காரவைத்ததால் மூட்டு பிழைத்தது. மானம் பிழைக்கவில்லை.

“ஐயோ, வலிக்குதாங்க?” மனைவி ஓடிவந்தாள்.

“இல்லம்மா, கொஞ்சங்கூட வலிக்கல.” சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. இதையே எத்தனை பேர் விழுந்து கிடந்தபடி அவரிடம் சொல்லியிருப்பார்கள்! அத்தனை பேரையும் கோழை என்று திட்டியிருக்கிறாரே!

நிமிர்ந்தார். எதிரே டிரைவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி எழுந்துகொண்டிருந்தார்.

“மச்சான், என்னை விடு, அவரைப் பிடி!” என்று அலறினார். “பிடிச்சு உக்கார வை. இனிமே அவருக்கு விட்டுவிட்டே குடு.”