கேத்தில் கொதிக்கும் பாட்டு

ஒஸ்லோவின் நடுவில் ஒரு ஐரிஷ் பப்பின் குசினியில் எட்டு வருடம் வேலை செய்தேன். அங்கே மருந்துக்கும் ஒரு ஐரிஷ்காரன் கிடையாது. முதலாளி நோர்வேஜியன், பரிமாறியவர்கள் சுவீடனிலிருந்து வந்த பிள்ளைகள், உருளைக்கிழங்கு பொரித்த நான் யாழ்ப்பாணத்தான். சுவருக்கு அடித்திருந்த பச்சைப் பெயின்ற்தான் அயர்லாந்து.

ஞாயிறு பின்னேரங்களில் பின்னறையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லோரும் அறுபது தாண்டிய நோர்வேஜியர்கள். தாடி, கம்பளிச் சட்டை. இவர்கள் பாடவும் மாட்டார்கள், ஆடவும் மாட்டார்கள். பழைய ஐரிஷ் நாட்டுப்பாடல் ஒலிப்பதிவுகளைப் போட்டுவிட்டுச் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் குந்தியிருப்பார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் நீண்ட நேரம் பேச்சிருக்காது. பிறகு ஒருவர் "யா", அதாவது ஆம், என்பார். இன்னொருவரும் "யா" என்பார். அவ்வளவுதான் விமர்சனம். கோப்பி கொண்டுபோகிற நான் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டால் அத்தனை பேரும் திரும்பி முறைப்பார்கள்.

அப்படி என்ன தேவாமிர்தம் என்று கேட்கிறீர்களா? மூக்கால் பாடும் ஒரு கிழவன். நடுவில் நாய் குரைக்கும். கதிரை கிரீச்சிடும். யாரோ இருமித் துப்புவான். ஊர்க் கோயில் ஒலிபெருக்கிக்காரன் இதைவிடத் துப்பரவாகப் பாட்டுப் போடுவான். இவர்கள் உயிரை விட்டது இன்னொரு பதிவுக்கு. ஒரு கிழவி தன் குசினியில் இருந்து தனியே பாடியது. பாதிப் பாட்டில் அடுப்பில் வைத்த தண்ணீர்க் கேத்தில் கொதித்து விசிலடிக்கும். கிழவி பாட்டை நிறுத்துவாள், யாருக்கோ ஏதோ சொல்லுவாள், கேத்திலை இறக்கிவைப்பாள், விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். அந்த இடம் வந்ததும் தாடிகள் எல்லாம் முன்னால் சாயும். ஒருவர் கைக்குட்டையை எடுப்பார். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்போல இருக்கும்.

பாட்டுப்பெட்டியும் கசெட்டுகளும் ஓய்வுபெற்ற ஒரு ட்ராம் சாரதியுடையவை. ஒருநாள் அவரிடம் கேட்டேன், குத்தலாகத்தான்: "இது உங்கள் அம்மாவா?"

"இல்லை. யாரென்றே தெரியாது," என்றார். "இதைவிட நன்றாகப் பாடியவர்கள் ஆயிரம் பேர். ஆனால் கேத்திலை இறக்கும்போது அவள் அங்கே இருக்கிறாள்."

விசர் முற்றிவிட்டது என்று நினைத்தேன். ட்வெய்ட்டாவில் இருந்த வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தக் கிழவி மாதிரியே பாடிக் காட்டினேன். "கேத்திலுக்கு அழுகிற சாதியைக் கண்டிருக்கிறியோ?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஆரைத்தான் பிடிக்கும்?" என்றாள்.

ஊரில் சண்டை நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா செத்துப்போனா. மறுநாளே பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். நான் போய்ச்சேர வழியில்லை. பத்தாம் நாள் போல அக்கா தொலைபேசியில் வந்தா.

"தம்பி, முப்பத்தொண்டாம் நாள் கிரியை அண்டைக்கு அம்மான்ரை குரலைப் போட்டுக் கேக்கோணும் எண்டு ஆசையாக் கிடக்கு. எங்களிட்டை ஒண்டுமில்லை. உன்னட்டை எல்லே இருக்கும்."

"என்னட்டையோ?"

"பின்னை? எத்தினை கசெட்டிலை கதைச்சு அனுப்பினவ! கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, சைக்கிளைக் கவிட்டுவைச்சு டைனமோவிலை ரேடியோப் பெட்டியை ஓடவிட்டுப் பதிஞ்சு... பெடல் சுத்திச் சுத்தி என்ரை கையெல்லே விட்டுப்போனது!"

"ஓம் அக்கா, இருக்கு. அனுப்பிவிடுறன்," என்றேன்.

வீட்டைத் தலைகீழாக்கினேன். தங்கையின் கலியாண வீடியோவில் அம்மா வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு திரிகிறா, ஆனால் குரல் இல்லை. வீடியோக்காரன் முழு நேரமும் சினிமாப் பாட்டை ஏற்றிவைத்திருக்கிறான். கட்டையில போவான்! கடைசியில் பழைய சூட்கேசுக்குள் ஒரேயொரு கசெட் கிடைத்தது. மேலே அக்காவின் கையெழுத்து: "தம்பிக்கு, அம்மா." அப்பாடா என்று நெஞ்சில் அணைத்துக்கொண்டேன். ஆனால் அதைப் போட்டுக் கேட்க வீட்டில் ஒரு பெட்டி இல்லை. எல்லாவற்றையும் எறிந்துவிட்டு சீடி இறுவட்டுக்கு மாறியிருந்தோம்.

வெட்கத்தை விட்டு அந்த ட்ராம்காரரிடம்தான் போக வேண்டியிருந்தது.

ஞாயிறு பின்னேரம் அவர் பஞ்சில் ஏதோ நனைத்துப் பெட்டியின் உட்புறத்தைத் துடைத்தார். நாடா அறுந்துவிடாமல் கையால் மெல்லச் சுற்றினார். தாடிகள் எழும்பிப் போகும் என்று பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பெட்டி ஓடத் தொடங்கியது.

கேட்டது என் குரல்.

"அம்மா, நான் நல்ல சுகம். இஞ்சை எல்லாம் மெசின்தான், கோப்பை கழுவுறதும் மெசின்தான்." பொய். அந்த நாளில் மெசினே நான்தான். "பிறகம்மா, கசெட்டிலை சும்மா கோழி அடைக்கு வைச்சது, ஆடு குட்டி போட்டது எண்டு கதைச்சு நிரப்பாதேங்கோ. தேவையானதை மட்டும் சொல்லுங்கோ." இப்படியே போனது. என்ன திமிர், என்ன தடிப்பு! கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது, ஆனால் அறைவதற்கு அவன் அங்கே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. ஊரில் கசெட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் வந்த கசெட்டிலேயே, அவர்கள் கதைத்ததன் மேலேயே பதிலைக் கதைத்துத் திருப்பி அனுப்புவோம். எல்லா வீட்டிலும் அதுதான் பழக்கம், அக்காவும் நானும் அதை மறந்துபோனோம். அம்மாவை ஒருதரம் கேட்டுவிட்டு, அவவின் மேலே என் வாயை வைத்து அழித்து அனுப்பியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும். இந்தக் கசெட்டை ஊருக்குக் கொண்டுபோக வேண்டியவர் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார், அதனால்தான் இது மிஞ்சிக் கிடந்தது.

என் பேச்சு முடிந்தது. ஒரு கிளிக். திடீரென்று சைக்கிள் சில்லு சுற்றும் சத்தம். என் பதில் அம்மாவின் பேச்சைவிடச் சுருக்கமாக இருந்ததால் அழியாமல் மிஞ்சிய நுனி.

"...சரி மோனை, அக்காவுக்குக் கை நோகுதாம், நிப்பாட்டுறன். புதுக் கசெட் வாங்கிக் காசைக் கரியாக்காதை. இதிலையே கதைச்சு அனுப்பு. என்ரை அலட்டல்தானே, அழிஞ்சால் என்ன."

சில்லு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு இரைச்சல்.

நான் ட்ராம்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என் குரலை எடுத்துவிட்டால் அடியில் அவ இருப்பாவா?" என்று கேட்டேன். சின்னப்பிள்ளைகூட அப்படிக் கேட்காது. அவர் தலையை ஆட்டினார். "அடியில் ஒன்றும் இருக்காது," என்றார்.

நாடாவைப் பின்னுக்குச் சுற்றி அந்த நுனியை மறுபடி போட்டார். இன்னொருமுறையும் போட்டார். தாடிகள் எல்லாம் முன்னால் சாய்ந்திருந்தன. அந்தச் சத்தம் என்னவென்று ஒருவர் கேட்டார். சைக்கிள், அக்கா சுற்றுகிறா என்றேன்.

"அம்மா என்ன சொல்கிறார்?"

சொன்னேன். இதிலேயே பேசி அனுப்பு, நான் பேசியது அழிந்தால் என்ன என்று சொல்கிறா.

ஒருவரும் "யா" என்று சொல்லவில்லை.