எட்டுக்கு ஒரு நாள், ஆறுக்கு ஒரு நாள்

பட்டறையில் எல்லோரும் அவரை 'பல் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அதை நிஜமென்றே நம்பி, கடைவாய்ப் பல் குடைகிறது என்று அவர் முன்னால் வாயைப் பிளந்து நின்ற கதையும் உண்டு. அவர் வெட்டுவது இரும்புப் பல். பல்சக்கரம் செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்று வேலை பார்க்கிறவர்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்தான். ஆனால் எண்கள் அவரை விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், மாவரைக்கும் இயந்திரம் ஒன்று பழுதாகித் திரும்பி வந்தது. இருபது பல் சின்னச் சக்கரமும் நாற்பது பல் பெரிய சக்கரமும் கோர்த்த இயந்திரம். பெரிய சக்கரத்தில் எதிரெதிராக இரண்டே பற்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. மற்றவை புதிதுபோல மின்னின. இரும்பு மட்டம் என்றார் மேனேஜர். டாக்டர் சாக்கட்டியால் பற்களுக்கு எண் போட்டு, கையால் சுற்றிப் பார்த்தார். சின்னச் சக்கரத்தின் ஒரு பல்லில் பிசிறு இருந்தது. அது எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்த இரண்டு பற்களையே கடித்தது.

"சார், இரும்பு மேல குத்தம் இல்ல. நாப்பதை இருபது மீதி இல்லாம வகுத்துடுது. அதான் போன இடத்துக்கே போய் நிக்குது. நாப்பத்தொண்ணு பல்லா வெட்டுவோம். இருபதுக்கும் நாப்பத்தொண்ணுக்கும் பொதுவா ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு பல்லும் எல்லாப் பல்லையும் ஒரு சுத்து பார்த்துட்டுத்தான் திரும்பி வரும். தேய்மானம் எல்லாத்துக்கும் சமமாப் போயிடும்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கய்யா படிச்ச இதை?"

"சுத்திப் பார்த்தேன் சார்."

டாக்டர் பட்டம் அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அவருக்கும் மனைவிக்கும் ஒரே ஒரு பெண். பாப்பா என்றுதான் வீட்டில் பெயர். சட்டைப் பொத்தான்களைத் தரையில் கொட்டி ஜோடி ஜோடியாக அடுக்குவாள். ஒன்று மிஞ்சிவிட்டால் முகம் சுண்டிப்போகும். "அப்பா, இது தனியா நிக்குது" என்பாள். ஒற்றைப்படை எண்ணுக்கு அவள் வைத்த பெயர் தனி எண். மூன்று தனி, ஐந்து தனி, ஏழு தனி. பள்ளிக்கூடத்திலும் அப்படியே எழுதிவைத்து ஆசிரியையிடம் திட்டு வாங்கினாள்.

அந்தத் தனி வயதில்தான், ஏழில், அவள் போனாள்.

காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் டாக்டருக்கு வார விடுமுறை. பட்டறையில் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு விட்டால் இயந்திரம் நின்றுவிடும் என்று, ஏழு நாள் வேலை, எட்டாம் நாள் விடுமுறை என்று ஆளுக்கொரு நாளாகச் சுழலவிட்டிருந்தார்கள். அன்று காலை மனைவி, "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாமாங்க?" என்று கேட்டாள். மாத்திரை கொடுத்ததில் உடம்பு கொஞ்சம் வியர்த்திருந்தது. "சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். இறங்குற மாதிரிதான் இருக்கு" என்றார் டாக்டர். மனைவி தலையாட்டினாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார் அங்கிருந்த மருத்துவர். மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு வற்றிப்போனது. சண்டை கிடையாது, ஒருவரையொருவர் குற்றம் சொன்னதும் கிடையாது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். பால் வந்துச்சா, வந்துச்சு. எட்டாம் நாள் வந்தால் இருவரும் ஒரே அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் ஒரு முறையும் அழவில்லை. அழுதால் அவள் இன்னும் உடைந்துபோவாள் என்று நினைத்தார்.

பத்து மாதம் கழித்து அவள் வேலைக்குப் போகிறேன் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நர்ஸ் வேலை பார்த்தவள், பாப்பா பிறந்ததும் விட்டவள். டாக்டருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியே போனால் மனசு கொஞ்சம் ஆறும். ஆஸ்பத்திரியில் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை பணி. ஐந்து நாள் வேலை, ஆறாம் நாள் விடுமுறை. டாக்டருக்கோ மதியம் தொடங்கும் ஷிப்ட். அவர் வீடு திரும்பும்போது அவள் அசந்து தூங்கியிருப்பாள். அவர் எழும்போது அவள் பணிக்குப் போயிருப்பாள். மேஜையில் மூடிவைத்த சாப்பாடும் அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டும் இருக்கும். 'குழம்பைச் சூடு பண்ணிக்கவும்.' 'குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடவும்.'

அவருக்கு விடுமுறையான நாட்களில் அவள் இரவு களைத்துத் திரும்பி, சாப்பிட்டதும் படுத்துவிடுவாள். தன் விடுமுறை நாட்களில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அக்காவுக்கு இடுப்பு வலி, கூடமாட ஒத்தாசை வேண்டும் என்றாள். டாக்டரும் சரி என்றார். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல ஒரு விடுமுறை வரும், அன்றைக்கு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். 'அன்னைக்கு நான்தான் தாமதம் பண்ணேன்' என்ற ஒரு வரி. நடு வழியில் சொல்லிவிட்டுப் போகிற வரி இல்லை அது.

இந்த மாதம் சேரவில்லை, அடுத்த மாதம் சேரும் என்று ஒன்றரை வருஷம் ஓடியது.

ஒரு நாள் காலை, பல் விளக்கிக்கொண்டே காலண்டரைப் பார்த்தார். அவருடைய விடுமுறைகளுக்குச் சிவப்புப் புள்ளி. அவளுடையவற்றுக்குப் பென்சில் வட்டம். ஜனவரி இருபத்தெட்டில் புள்ளி, இருபத்தொன்பதில் வட்டம். நூலிழையில் தவறியிருந்தது. அதற்கு முன்னால் பதினொன்றில் வட்டம், பன்னிரண்டில் புள்ளி. அங்கேயும் நூலிழை. டாக்டர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தார்.

எட்டுக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொது மடங்கு இருபத்துநான்கு. ஆகவே இருபத்துநான்கு நாளுக்குள் ஒரு முறை சேர்ந்தால் சேர்ந்ததுதான். சேராவிட்டால், அடுத்த இருபத்துநான்கும் அதே கதை, அதற்கடுத்ததும் அதே கதை. வருஷத்தின் முதல் நாளை ஒன்று என்று வைத்து எண்ணினார். அவர் விடுமுறை நான்கு, பன்னிரண்டு, இருபது. அவளுடையது ஐந்து, பதினொன்று, பதினேழு. எத்தனையாவது சுற்று என்று தெரியாத இடத்தில் ஓர் எழுத்தைப் போட்டு எழுதினார்: அவருக்கு 8க + 4. அவளுக்கு 6ங + 5.

க இருக்கும் இடத்தில் எந்த எண்ணைக் கொண்டுவந்து வைத்தாலும் எட்டின் மடங்கு இரட்டைதான், நாலைக் கூட்டினாலும் இரட்டைதான். ங இருக்கும் இடத்தில் எதை வைத்தாலும் ஆறின் மடங்கு இரட்டை. ஆனால் ஐந்தைக் கூட்டியதும் ஒற்றையாகிவிடும். இரட்டை ஒருபோதும் ஒற்றைக்குச் சமமாகாது. டிசம்பர் தாண்டி எண்ணிக்கொண்டே போனாலும், நூறு வருஷம் எண்ணினாலும்.

தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா இருந்திருந்தால் அம்மாவுடையது எல்லாம் தனி என்று சொல்லியிருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் வாயிலிருந்த பற்பசை கசந்தது.

ஆனாலும் கணக்குத் தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும் அல்லவா? ஒரே ஒரு நாள் தள்ளி வைத்தால் போதும். நான்கு ஐந்தாகும், இருபத்தெட்டு இருபத்தொன்பதாகும். பிறகு இருபத்துநான்கு நாளுக்கு ஒரு முறை தவறாமல் சேரும். டாக்டர் மேனேஜரிடம் போனார்.

"உனக்கு மாத்தினா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான்யா. பட்டியல் போட்டது போட்டதுதான்" என்றார் மேனேஜர்.

அவர் விடவில்லை. ஏழு மாதம் நடையாய் நடந்தார். கடைசியில் வெல்டர் ஒருவர், டாக்டருக்குத் தம்பி மாதிரி, தன் முறையைக் கொடுக்க முன்வந்தார். "எனக்கு எந்த நாளா இருந்தா என்ன அண்ணே? என்னைக்கா இருந்தாலும் என் பொண்டாட்டி துணி துவைக்கத்தான் சொல்லப்போறா." மேனேஜரும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் இதை வீட்டில் சொல்லவில்லை. நேரில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று மனசுக்குள் பொத்திவைத்தார்.

அந்த நாள் வந்தது. விடிந்ததும் எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, இரண்டு கோப்பைக் காபி கலந்துவைத்து மேஜையில் உட்கார்ந்தார். அக்கா வீட்டுக்குக் கிளம்பத் தயாராகக் கைப்பையோடு வந்த மனைவி அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னங்க, இந்நேரத்துக்கே எழுந்துட்டீங்க? உடம்புக்கு ஏதாவது…"

"உடம்புக்கு என்ன? எனக்கு இன்னைக்கு லீவு. ஒரு நாள் மாத்திக் குடுத்துட்டாங்க. இனிமே இருபத்துநாலு நாளுக்கு ஒரு தடவை நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரும்."

இரண்டு வருஷத்துக்கு மேலாக இந்தக் கணத்தை நினைத்து நினைத்துப் பார்த்தவர் அவர். அவள் முகத்தில் பயம் வந்து நிற்கும் என்று மட்டும் ஒரு முறையும் நினைத்ததில்லை.

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எதை?"

"சேராதுன்னு."

டாக்டர் விளக்கத் தொடங்கினார். இரட்டை, ஒற்றை, க, ங. பாதியில் அவள் குறுக்கிட்டாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. சேர்றப்போ தலைமை நர்ஸ் கேட்டாங்க, எந்த நாள்ல இருந்து உனக்கு லீவு போடட்டும்னு. ரெண்டு நாள் டயம் வாங்கிட்டு வந்தேன். காலண்டர்ல உங்க சிவப்புப் புள்ளியெல்லாம் இருந்துச்சு. ஒவ்வொரு நாளா ஆரம்பிச்சு, ஆறு ஆறா எண்ணி வட்டம் போட்டுப் பார்த்தேன். வருஷம் முழுக்க ஒரு எடத்துலயும் முட்டாத மாதிரி ஒண்ணு அமைஞ்சுது. அதையே சொன்னேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். டாக்டர் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏடு கட்டியிருந்தது.

"என் மேல அவ்வளவு வெறுப்பாம்மா?"

"வெறுப்பு இருந்தா அக்கா வீட்டுலயே இருந்திருப்பேனே. அன்னைக்கு நீங்க சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்னீங்க. நீங்க சக்கரம் வெட்டுறவர், உங்களுக்கு என்ன தெரியும்? நான் நர்ஸ். நான் தலையாட்டினேன். லீவு நாள்ல நீங்க எதிர்ல உக்காந்திருந்தா அந்தக் காலையே திரும்ப நடக்குற மாதிரி இருக்கு. உங்களைப் பார்த்தா என் தலையாட்டல்தான் தெரியுது. உங்களையும் மன்னிக்க முடியல, என்னையும் முடியல. அதுக்காக உங்களுக்குச் சாப்பாடு மூடி வைக்காமலும் இருக்க முடியல."

அவர் யோசித்து வைத்திருந்த வரியை அப்போது சொன்னார். "அன்னைக்கு நான்தான் தாமதம் பண்ணேன்." சொல்லி முடிக்குமுன்பே குரல் உடைந்தது. அவர் அழுததை அவள் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். அவளும் அழுதாள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எழுந்து வர இருவருக்கும் தெம்பில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் கழுவிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் டாக்டர் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"பழைய நாளுக்கே மாத்திடுங்க சார்."

"விளையாடுறியாய்யா? ஏழு மாசம் என் உயிரை வாங்கிட்டு?"

"கணக்கு சரிதான் சார். நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்."

மேனேஜர் திட்ட வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தேடினார். அடுத்த வாரம் மேஜையில் சாப்பாட்டின் மேல் இருந்த சீட்டில், 'பார்த்தேன். நன்றி' என்று எழுதியிருந்தது. காலண்டரில் சிவப்புப் புள்ளி பழைய நாட்களுக்கே திரும்பியதைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அந்தச் சீட்டை அவர் எறியவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், அது சலவையில் கரைந்துபோனது.

இன்னும் ஒன்றேகால் வருஷம் அப்படியே போனது. பிறகு அவளுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்க அறையும் கொடுத்தார்கள். அவள் அவரிடம் கேட்கவில்லை, ஆனால் சொன்னாள். பெட்டியை அவர்தான் பேருந்து நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு போனார். நிறுத்தத்தில் அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்து வந்த பிறகும் பிடி தளரவில்லை. நடத்துநர் இரண்டு முறை விசிலடித்தார்.

"ரத்த அழுத்த மாத்திரை மேல் தட்டுல இருக்கு. காலையில ஒண்ணு, மறந்துடாதீங்க" என்றாள்.

"மறக்க மாட்டேன். ஜன்னல் பக்கம் உக்காரு. உனக்குக் குமட்டும்."

இப்போது அவள் வாரத்துக்கு ஒரு முறை போனில் கூப்பிடுகிறாள். மாத்திரையைப் பற்றிக் கேட்பாள். வார்டில் ஒரு பிள்ளை குணமாகி வீட்டுக்குப் போனால் அதைச் சொல்வாள். அன்றைக்கு மட்டும் குரல் பழைய குரலாக இருக்கும். ஒரு முறை, இரவு முழுக்கக் காய்ச்சலோடு கிடந்த ஒரு குழந்தையைப் பற்றி அவள் சொன்னபோது, நேரம் போவதே தெரியாமல் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் சாப்பாட்டு இடைவேளையில் வெல்டர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "அண்ணே, அண்ணியை வந்துடச் சொல்லி ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்."

டாக்டர் டிபன் பாக்ஸை மூடிக் கையைக் கழுவிக்கொண்டார்.

"கேட்டா வந்துடுவாப்பா. அதனாலதான் கேக்கல" என்றார்.