மிதந்த பஞ்சு

ஆவடிக் கொட்டகையில் அன்று இருந்தவர்கள்: நர்ஸம்மா. மேஸ்திரி. என் அண்ணி. குமணன்சாவடிக்காரி. திருமழிசைக்காரி. நான். நடுவில் ஒரு பீங்கான் பேசின், நிறையத் தண்ணீர்.

சண்டைக் காலம். பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கிற பஞ்சுப் பட்டை செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எங்கள் வேலை. பச்சைப் பஞ்சு தண்ணீரைக் குடிக்காது. சலவைச் சோடா போட்டு வேகவைத்துக் காயவைத்தால்தான் குடிக்கும். ஓரிடத்தில் விழுந்த ஈரத்தைப் பட்டை முழுக்க இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பஞ்சுக்குத் தட்டுப்பாடு. எங்கள் மடியைத் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இன்றும் கடையில் பஞ்சு வாங்கினால் ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன். நம்பிக்கை வருவதில்லை.

அன்று மூன்று பட்டை திரும்பி வந்திருந்தது. உதிரம் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்ததாம். மூன்றிலும் நீல நூல் முடிச்சு, அண்ணி போடுகிற முடிச்சு. வார்டிலிருந்து பொறுக்கி எடுத்து வந்தவர் மேஸ்திரி. மூன்றும் ஒருத்தியுடையதாகவே எப்படி அமைந்தது என்று எனக்கு அப்போதே உறுத்தியது. ஒருத்தியைக் காட்டிவிட்டால் தன் பேர் கெடாது என்று நினைத்திருப்பார்.

நர்ஸம்மா ஒன்றைப் பிரித்துத் துணுக்கைப் பேசினில் போட்டார். மிதந்தது.

"நல்லத ஊட்டுக்கு எடுத்துகினு பச்சைய வச்சிக் கட்டிகீறா. போலீசாண்ட குடுத்துடுங்கம்மா" என்றார் மேஸ்திரி.

அண்ணிக்குக் கைக்குழந்தை. பர்மாவுக்குப் போன என் அண்ணனிடமிருந்து சேதி இல்லை. ஜெயிலுக்குப் போனால் குழந்தைக்குப் பால் கிடையாது. அவள் அழவில்லை. உள்ளங்கையை விரித்து மேஸ்திரியிடம் காட்டினாள். சோடாத் தண்ணீரில் வெடித்த கை. மேலே விளக்கெண்ணெய்.

"தடவிக்கோன்னு நீதானே புட்டி குடுத்தே, அண்ணாத்தே?"

"நானா? இன்னா புட்டிமே? கனா கண்டியா?"

நர்ஸம்மா யாரையும் நம்பாதவர். புது மூட்டையிலிருந்து தன் கையால் கிள்ளிப் போட்டார். முழுகியது. அதே மூட்டையில் கிள்ளி அண்ணியை உருட்டிப் போடச் சொன்னார். மிதந்தது.

"திருடிட்டு எண்ணெ மேல பழி போடுறா" என்றார் மேஸ்திரி.

"எங்க கையிலயும் அதே எண்ணெதான்" என்றாள் திருமழிசைக்காரி, தலையைத் தூக்காமல்.

நர்ஸம்மா பேசினில் தண்ணீரை மாற்றினார். "எல்லாரும் ஆளுக்கொரு துணுக்கு உருட்டுங்க. மேஸ்திரி, நீங்களும்."

"நான் எதுக்கும்மா?"

"நீங்களும் சோடாத் தொட்டியில கை விடுறவர்தானே. உருட்டுங்க."

ஐந்து பேரையும் ஒரே சமயத்தில் போடச் சொன்னார். குனிந்து பார்த்தோம்.

மிதந்தது ஐந்து.