மூன்றாம் சனிக்கிழமைக் காற்று

கோழித்தீவனத்துக்குக் கருவாடு அரைக்கும் மில் ஊருக்கு மேற்கே வந்த நாளிலிருந்து காற்றின் திசையைத் தினமும் டைரியில் எழுதுகிறேன். போன வருடம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. வருடந்தோறும் விரதச் சாப்பாட்டுக்கு அம்மாபேட்டையிலிருந்து வரும் அக்கா, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏஞ்சாமி, இன்னைக்குமா ஊட்டுல மீனு ஆக்குனீங்க?"

என் மனைவி அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து காட்டினாள். நாற்றம் மில்லிலிருந்து வருவது அக்காவுக்குப் புரிந்தது. இலை முன் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தாள், விழுங்க முடியவில்லை.

"உம்மேல கோவமில்ல சாமி. எனக்குத்தான் எறங்க மாட்டேங்குது."

இந்த வருடம் அதே சனிக்கிழமை காற்று கிழக்கிலிருந்து வந்தது. நாற்றம் துளியும் இல்லை. காலையிலேயே அக்காவுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன்.

"சந்தோசம் சாமி. நான் இங்கயே கும்புட்டுக்கறேன், நீங்க சாப்புடுங்க."

அவளுக்காக நறுக்கிவைத்த தலைவாழை இலையை மனைவி மடித்து வைத்தாள்.