பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

உள்ளே புகுங்காற்றும் ஓடிவெளிச் செல்காற்றும்
வள்ளல் அருளென்று வாழ்த்து.

அம்பலத்தில் ஆடும் ஐயனின் அடியை இவ்வாறு நெஞ்சில் இருத்தி இதைத் தொடங்குகிறேன். எழுதப்போவது சினத்தைப் பற்றி. ஆகையால் அவன் துணை எனக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

எண்பதுகளின் பிற்பகுதி. ஆவணித் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, சுவாதி கூடிய வியாழக்கிழமை. முதல் நாள்தான் பிள்ளையார் சதுர்த்தி. மண்ணூர்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் மிஞ்சிய கொழுக்கட்டை மறுபடி இட்லிப் பானையில் ஏறியிருந்தது. என் ஒரே மகளுக்கு அன்று நிச்சயதாம்பூலம். பூந்தமல்லியில் ஒரு சிவன் கோயில் மண்டபத்தில், உச்சிப்பொழுதுக்கு முன்னரே தட்டு மாற்றுவதென்று பேச்சு. அதன்பின் இராகுகாலம் நெருங்கிவிடும்.

மாப்பிள்ளையின் தாய்மாமன், பெண்ணை அழைத்துப்போகத் தம் கறுப்புக் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு, மனைவியோடு வந்தார். மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. அந்த வீட்டில் இவர் சொல்லே சட்டம். பாரிவாக்கத்தில் நிலபுலத்தோடு வேறொரு பெண்ணை இவர் பார்த்து வைத்திருந்தார். தம் அக்காள் மகன் என் மகளைப் பார்த்துத் தலையசைத்ததில் இவருக்கு மனத்தாங்கல் உண்டு. அதை மறைக்கவும் இல்லை. வாசலில் இறங்கியதும், "இந்தச் சந்துல என் வண்டி பூந்ததே உங்களுக்கு ஒரு பெருமதான் சம்மந்தி," என்றார். நான் சிரித்தேன். பெண்ணைப் பெற்றவன் சிரித்தாக வேண்டிய சிரிப்பு அது.

புறப்படுமுன் காருக்குப் பொட்டு வைக்க வேண்டுமென்றார். விடியலில் பூசைக்கென நான் அரைத்த சந்தனத்தை என் மனைவி கிண்ணத்தோடு நீட்டினாள். அவர் மனைவி அதைக் காரின் முகப்பிலும் கதவுகளிலும் சக்கரங்களிலும் அப்பி, மேலே குங்குமம் இட்டார். "ஒண்ணையும் உடாத. பெட்ரோல் மூடிக்கும் வை. நல்ல காரியமாச்சேன்னு ஃபுல் டேங்க் போட்டுகினு வந்துகீறேன்," என்று கணவர் ஏவினார். அந்த அம்மாள் மூடியின் நட்டநடுவில் ஒரு பெரிய பொட்டை வைத்தார். நான் அரைக்கும் சந்தனம் கெட்டியானது. வெயில் பட்டால் ஓடுபோல் இறுகிவிடும்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் கார் இருமியது, குலுங்கியது, நின்றது.

மாமன் சாவியைத் திருகினார். எஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. மீண்டும் திருகினார். சுழற்சியில் சோர்வே இல்லை. பேட்டரி வலுவாகத்தான் இருந்தது. ஆயினும் சுழன்று சுழன்று, உயிர் பிடிக்கும் அந்த ஒரு முழக்கம் மட்டும் வராமலே ஓய்ந்தது.

"இந்த வண்டி இன்னைக்கி வரைக்கும் ரோட்ல நின்னதில்ல. காலைல வரசொல்ல பறந்துகினு வந்துது. இப்ப புதுசா இன்னா ஏறிகீது?" என்று கேட்டுவிட்டு, முன்கண்ணாடியில் என் மகளைப் பார்த்தார். என் மனைவி மகளின் கையைப் பற்றிக்கொண்டாள். அவர் பேச்சு எங்கே போகிறது என்பது எங்களுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. கார் ஓடாவிட்டால் சம்பந்தமும் ஓடாது.

அனைவரும் இறங்கினோம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒருவர், "இன்னா நைனா, பட்டுப்பொடவ கட்டிகினு ஏரியில மீன் புடிக்க வந்துகீறீங்களா?" என்று சிரித்தபடி கடந்தார்.

நான் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் பண்டகசாலையில் வேலை பார்த்தவன், மெக்கானிக் அல்லன். எனினும் எங்கள் ஆலை வேனோடு பல்லாண்டு மல்லுக்கட்டியதில் ஒன்று தெரியும். சுழலும் எஞ்சின் பற்றவில்லையெனில், ஒன்று தீப்பொறி இல்லை. அன்றேல் பெட்ரோல் வரவில்லை. பானெட்டைத் திறந்து, ஒரு பிளக் வயரைக் கழற்றி, எஞ்சின் உடலருகே பிடித்தேன். மாமன் சாவியைத் திருக, நீலப்பொறி படபடவெனத் தாவியது. தீப்பொறிக்குக் குறையில்லை. அடுத்துக் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, மீண்டும் சாவியைத் திருகச் சொன்னேன். சில துளிகள் சொட்டின. பிறகு அதுவும் இல்லை.

"பெட்ரோல் வரவில்லை," என்றேன்.

"ஃபுல் டேங்க்னு சொன்னேனே, காது கேக்கலியா? நீங்க பாட்டுதான பாடுவீங்க சம்மந்தி? பாடுங்க. உங்க சாமி பின்னால வந்து தள்ளுவாரு."

பதிகம் ஓதாமல் ஒருநாளும் உணவு கொள்ளாதவன் நான். அந்த ஏளனத்தை விழுங்கிக்கொண்டு, தொட்டியையும் பார்த்துவிடுவோமென்று பின்பக்கம் போய் மூடியைத் திருகினேன். யாரோ நெடுமூச்சை உள்ளிழுத்தாற்போல் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் ஓசை எழுந்து அடங்கியது. உள்ளே கழுத்துவரை பெட்ரோல். அதே நேரத்தில் மாமனின் மனைவி, என் மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தால் காரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் மூடியை இட்டு, குழாயையும் பிளக் வயரையும் பொருத்தினேன். பழம் சக்கரத்தடியில் வைக்கப்பட்டது. சாவி திரும்பியது. கார் பற்றிக்கொண்டது.

"பாத்தீங்களா! பொண்ணு எறங்கிச்சு, திருஷ்டி கழிஞ்சுது, வண்டி எடுத்துகிச்சு."

மகள் தலைகுனிந்தபடி ஏறினாள்.

வானகரம் தாண்டி நெடுஞ்சாலையில் சற்றுத் தொலைவு போவதற்குள் அதே இருமல், அதே குலுக்கல். நின்றது. லாரிகள் எங்களை உரசிக்கொண்டு பறந்தன. சாவியைத் திருகத் திருக, எஞ்சின் வெறுமனே சுழன்றது.

"எறங்குங்க," என்றார் மாமன். "இந்தப் பொண்ணு குந்துனா வண்டியே ஓட மாட்டேங்குது. நாளைக்கி ஊட்டுக்குள்ள வந்தா குடும்பம் ஓடுமா? நா இப்டியே திரும்புறேன். என் அக்காகிட்ட நானே பேசிக்கிறேன்."

இப்போது என் மனைவி என்னிடம்தான் பேசினாள். ஆனால் எல்லார்க்கும் கேட்கும்படி. "ஏங்க, நீங்க அந்த மூடியத் தொறந்தப்போ புஸ்ஸுனு சத்தம் வந்துச்சுல்ல? எண்ணெ டின்னுல ஒரு பக்கம் மட்டும் ஓட்ட போட்டா எண்ணெ இறங்குமா? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு குத்துனாத்தானே ஊத்தும். இதுக்கு எங்க அந்த ஓட்ட?"

நான் மூடியருகே குனிந்தேன். அவ்வகைக் கார்களின் மூடியில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். பெட்ரோல் வெளியேற வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று அவ்வழியே உட்புக வேண்டும். அதன்மேல் என் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. தொட்டியோ நிறைந்திருந்தது, உள்ளே காற்றுக்கு இடமில்லை, வெளிக்காற்றுக்கு வழியில்லை. மூச்சுமுட்டி நின்றிருக்கிறது கார். ஏரிக்கரையில் நான் மூடியைத் திறந்ததால் பற்றியது, எலுமிச்சம்பழத்தால் அன்று.

விரலை நீட்டினேன். மாமன் குறுக்கே வந்து நின்றார்.

"கை வெக்காதய்யா. அது சாமி பொட்டு. பட்ட பட்டையா பூசிகினு பதிகம் பாடுறியே, பொட்ட அழிக்கிறது பாவம்னு தெரியாது?"

'சம்மந்தி' என்ற மரியாதை போய் 'ய்யா' வந்ததை நான் பொருட்படுத்தவில்லை. அந்தக் கேள்விதான் என்னைத் தாக்கியது. அவர் என்னைக் குத்துவதற்காகவே கேட்டார். ஆயினும் அது என் கேள்வியுமாக இருந்தது. இட்ட சந்தனத்தை ஒருநாளும் வேண்டுமென்றே அழித்தவனல்லன் நான். சாலையோரக் கருவேலத்தில் ஒரு முள்ளை ஒடித்தேன். பொட்டின் விளிம்பில் முள்ளைச் செலுத்தி, நாணயம்போல் முழுதாகப் பெயர்த்தேன். மண்ணில் விழவிடாமல் உள்ளங்கையில் ஏந்தினேன். மனைவி கூஜாவிலிருந்து நீர் விட்டாள். குழைத்து, என் நெற்றித் திருநீற்றின் நடுவே இட்டுக்கொண்டேன். "அழிக்கவில்லை. இடம் மாற்றியிருக்கிறேன்," என்றேன். பின்னர் முள்முனையால் துளையைக் குத்தித் திறந்தேன். மீண்டும் அந்த 'ஸ்ஸ்ஸ்'.

அப்போது என் மகள் காருக்குள் ஏறி அமர்ந்தாள். "மாமா, நான் இறங்க மாட்டேன். நான் உக்காந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணுங்க. ஓடலைன்னா நானே வீட்டுக்குப் போயிடறேன்."

"என்னையே டெஸ்ட் பண்றியா நீ?"

"வண்டியைத்தான் மாமா."

அவர் அசையவில்லை. அவர் மனைவிதான், "பண்ணித்தான் பாரேன்யா. வெயில்ல மண்ட காயுது," என்று முணுமுணுத்தார். மாமன் சாவியைத் திருகினார். சற்றுச் சுழன்று, பெட்ரோல் வந்து சேர்ந்ததும், கார் முழங்கிப் பற்றியது.

பூந்தமல்லிவரை ஓரிடத்தும் நிற்கவில்லை. வென்றுவிட்டோம் என்றே நான் எண்ணினேன். மனத்துக்குள் பதிகம்கூட ஓடியது.

கோயில் வாசலில் இறங்கியதும் அவர் நேரே தம் அக்காளிடம் போனார். மண்டபம் முழுதும் கேட்கும்படி சொன்னார்: "வண்டி வந்துடுச்சு. ஆனா இந்தப் பொண்ணு வாணாம். நடுரோட்ல தாய்மாமன டெஸ்ட் பண்ணிப் பாக்குறவ, கட்டினவன உடுவாளா?"

நான் முன்னே சென்று, சந்தனம் துளையை அடைத்ததைச் சொன்னேன். எந்தத் துளை என்று ஒருவரும் கேட்கவில்லை. வழியில் அவர் சகுனத்தை ஆயுதமாக ஏந்தியிருந்தார். அதை நாங்கள் பிடுங்கியவுடன் வேறொன்றை எடுத்துக்கொண்டார். அவ்வளவே. மாப்பிள்ளையின் தாய், "தம்பி சொன்னா..." என்று இழுத்தார். மாப்பிள்ளை முதலில் மாமனைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அதற்குமேல் அவன் எதையும் பார்க்கவில்லை.

"அம்மா, நம்ம தட்டை எடுங்க," என்றாள் மகள். "பஸ் இருக்கும்."

அம்பத்தூர் செல்லும் பேருந்தில் பழத்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். "இன்னாமா, கல்யாணமா?" என்றார் நடத்துநர். "இல்லண்ணா. வாழப்பழம் சாப்புடுறீங்களா?" என்று என் மகள் ஒரு சீப்பைப் பிய்த்து நீட்டினாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊரார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வண்டி நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு, சகுனம் பலிச்சுடுச்சு," என்றார்கள். என் உறவினரே சொன்னார்கள். அம்மனிதரை மன்னித்துவிட்டதாக எழுதினால் இக்கட்டுரைக்கு அழகாயிருக்கும். இறைவன் பெயரால் தொடங்கிய எழுத்தில் பொய் கூடாது. இன்றும் சந்தனம் அரைக்கும்போது அவர் முகம் கல்லில் தோன்றுகிறது. இன்னும் சற்று அழுத்தி அரைக்கிறேன்.

மகளுக்குப் பின்னாளில் வேறிடத்தில் மணமாயிற்று. தொண்ணூறுகளில் கணவனும் மனைவியுமாக ஒரு பழைய கார் வாங்கினார்கள்; அவளே ஓட்டினாள். முதல் ஆயுத பூசையன்று கிண்ணத்தோடு காரைச் சுற்றி வந்தவள், பெட்ரோல் மூடியருகே நின்றாள். குனிந்து பார்த்தாள். துளையை விட்டு ஒரு விரல் தள்ளிப் பொட்டு வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதைப் படித்தோர் அனைவரும், படிக்கக் கேட்டோரும், செல்லும் வழியெங்கும் தடையின்றிச் செல்க. நின்றுபோன எதற்கும் உங்கள் வீட்டுப் பெண்மேல் பழி விழாதிருக்க. உள்ளே புகும் மூச்சும் வெளிச்செல்லும் மூச்சும் உங்களுக்கு எளிதாகுக. அந்தத் தாய்மாமன் எங்கேனும் இருந்து இதைப் படிப்பாராயின், இவ்வாழ்த்து அவருக்கும் உரியதே. அவரை விலக்க எனக்கு மனமுண்டு, உரிமையில்லை.