எண்ணெய்க் குளியல் போட்ட மலைத் தேனீ

என் கணவர் ஒரு பொருளைத் தொலைத்தால் பொறுத்துக்கொள்வேன். தன் கண்ணின் மேல் இருந்த நம்பிக்கையைத் தொலைத்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குப் பொறுக்காது. அந்த ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜொகூரில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் ஆஸ்பத்திரி டிரெசர், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுப்பவர். நான் அங்கேயே பள்ளி ஆசிரியை, கான்வென்டில் படம் வரையப் பழகியவள். இரண்டு பேருக்கும் பூச்சி சேர்க்கிற பைத்தியம். அவர் பிடித்து வருவார். நான் ஊசி குத்தி, காலையும் இறக்கையையும் விரித்து, பெட்டியில் வைப்பேன். மற்றவர்கள் சீட்டாடும் நேரத்தில் எங்கள் மேஜையில் வண்டுகள் கிடக்கும்.

விடுமுறையில் அவர் நண்பர்களோடு லேடாங் மலை ஏறினார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பூவின் மேல், உடம்பெல்லாம் உரோமமாக ஒரு பெரிய தேனீயைப் பார்த்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் 'பம்பிள் பீ' என்பார்களே, அது. குளிர்ந்த மலைகளில் மட்டும் வாழும் சாதி. எங்கள் ஜொகூரில் அதைப் பிடித்ததாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. பூச்சி பிடிக்கும் கண்ணாடிக் குப்பி ஏற்கெனவே பாறையில் விழுந்து உடைந்துவிட்டதால், அட்டைக்குப் பயந்து காலில் தடவக் கொண்டுபோன தேங்காய் எண்ணெய்ப் புட்டியிலேயே அதைப் பிடித்துப் போட்டுவிட்டார். மலையிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, எங்கள் பெட்டிகளைப் பார்க்க வருவதாக இருந்த சிங்கப்பூர் காட்சியகத்து அதிகாரிக்குத் தந்தியும் அடித்துவிட்டார்.

வீட்டில் புட்டியைத் தட்டில் கவிழ்த்தோம். கன்னங்கரேலென்று பளபளத்துக்கொண்டு ஒன்று வந்து விழுந்தது. உரோமத்தைக் காணோம்.

"இது நம்ம விட்டத்தைத் துளைக்கிற கருவண்டுதான். என் கண்ணு ஏமாந்துடுச்சு. தூக்கிப் போட்டுடு," என்றார்.

"பூவுல உக்காந்திருந்தப்போ ரோமத்தைப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன். ஆனா வர்றவரு நான் பாத்ததையா பாக்கப் போறாரு? இதைத்தானே பாப்பாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எண்ணெ தேச்ச தலையோட யாராச்சும் விருந்தாளி முன்னாடி வந்து நிப்பாங்களா? குளிப்பாட்டணும்லா!"

"அலமாக், ஐயோ! ஒரு காலு பிஞ்சா போச்சு. இது ஒண்ணுதான் இருக்கு."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. கருவண்டுக்கு வயிற்றின் மேற்புறம் மொட்டை, பின்னங்கால் முழுக்க அடர்ந்த மயிர். பம்பிள் பீக்கு நேர்மாறு: உடம்பெல்லாம் மயிர், பின்னங்காலின் வெளிப்புறத்தில் மட்டும் மகரந்தம் சுமக்க வழுவழுப்பான ஒரு தகடு. அந்தக் கால் போனால் கதை முடிந்தது.

முதலில் விட்டத்திலிருந்து ஒரு கருவண்டைப் பிடித்து, வேண்டுமென்றே எண்ணெயில் முக்கி எடுத்தேன். சீயக்காய்த் தூளை வெந்நீரில் ஊறவைத்து, தூள் மயிரில் ஒட்டாதபடி மல் துணியில் வடிகட்டி, அந்தத் தெளிந்த நீரில் அதைக் கழுவினேன். எண்ணெய் போனது. வயிறு மொட்டையாகவே இருந்தது. கை பழகியபின் மலைக்காரியைக் குளிப்பாட்டினேன். சாம்பிராணிக் கூடையைத் தணலின் மேல் கவிழ்த்து, அதன்மேல் அவளைக் கிடத்தி உலர்த்தினேன்.

"சாம்பிராணி போடலையா?" என்று கேட்டார், அந்த நிலைமையிலும்.

"பிசின் படியும். சூடு மட்டும் போதும், சும்மா இருங்க."

படம் வரையும் தூரிகையால் மெல்ல நீவிவிட்டேன். தலை குளித்த குழந்தையின் முடி போல வயிற்றில் உரோமம் எழும்பியது. நுனியில் செம்பழுப்பு தெரிந்தது. பின்னங்காலில் ஒட்டிக்கிடந்த ஓர மயிர் விலகியதும் உள்ளே வழுவழுப்பான தகடு. அவர் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரி வந்ததும் நேரே அந்தக் காலைத்தான் பார்த்தார். "சந்தேகமே இல்லை, பம்பிள் பீதான்," என்றார். எந்த இனம் என்பதைச் சுமத்ராவிலும் ஜாவாவிலும் பிடித்தவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியுமாம். பத்திரமாக வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து ரயிலேறி நாங்களே சிங்கப்பூர் போனோம். சுமத்ரா மலைகளில் முன்பே பிடித்துப் பெயரிட்ட இனம்தானாம், புதியது அல்ல. இருக்கட்டும். லேடாங் மலை என்று எழுதிய சீட்டு காட்சியகத்துத் தேனீ இழுப்பறையில் எங்களுடையது ஒன்றுதான். கெடாமலிருக்கப் போட்ட சாராயத்தில் ஊறி மயிர் ஒட்டிப்போன மற்றவற்றின் நடுவே எங்களுடையது மட்டும் கோயிலுக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது.

இழுப்பறையைத் திறந்து காட்டிய தமிழ் ஊழியர், "இது ஒண்ணு மட்டும் எப்படிங்க இவ்ளோ அழகா இருக்கு?" என்று கேட்டார்.

கண் ஏமாந்துவிட்டது என்று சொன்ன மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கூடமே கேட்கும்படி சொன்னார்: "கண்டுபிடிச்ச கண்ணு என்னுது. குளிப்பாட்டின கை இவங்களுது."