கம்பெனிக்காரனை ஏசியவர்

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார் அவர். நரைத்த தாடி, சிரிப்பே வராத முகம். எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் அதன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார். நான் கொண்டுபோன பழைய லேப்டாப்பிலும் ஒட்டினார். ஆயுத பூஜைப் பொட்டு என்று நினைத்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாத்துக்கும்மா கும்புட்ற? கம்பெனிக்காரன் எட்டிப் பாக்கக்கூடாதுன்னு ஒட்டிக்கீறேன்" என்று எரிந்து விழுந்தார்.

காலமான என் வீட்டுக்காரர் பாடிய முருகன் பாட்டெல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. புது சிஸ்டம் இதில் ஏறாது, வேறு லேப்டாப் வாங்கு என்று திரையில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

"மிஷினு நல்லாத்தான் கீது. அவனுங்கதான் சாவடிக்கிறானுங்க. லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்றேன். ஊர் ஊரா ஜனங்க சேந்து சும்மா எழுதிக் குடுத்தது."

"அன்னதானம் மாதிரியாண்ணா?"

"அன்னதானம் போட்றவனே பேரப் போட்டு பேனர் வைக்கிறான். பேஜார் பண்ணாத!"

"பாட்டு அழிஞ்சிடாதே?"

"அழிக்க நான் இன்னா கம்பெனிக்காரனா?"

இப்போது தினமும் விளக்கேற்றும்போது அதே லேப்டாப்பில் என் வீட்டுக்காரர் குரல் கேட்கிறது. அந்தக் கடைக்காரருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். பெயர் தெரியாது. யாரையும் நம்பாத அந்த அண்ணன் என்று சொன்னால் முருகனுக்குப் புரியும்.